அடுப்புக் கணக்கு

1

கூட்டுக் குடும்பம் சிதைந்துவிட்டது என்பது தமிழ் நாவலின் ஓயாத புலம்பல்களில் ஒன்று. 'தலைமுறைகள்' (1968) வந்தபோதும், 'கோபல்ல கிராமம்' (1976) வந்தபோதும், அவற்றைப் பாராட்டியவர்களில் பலர் ஒரு பழைய சமூக அமைப்பின் ஆவணம் என்றுதான் பாராட்டினார்கள். நாவலாசிரியன் பெரிய வீட்டைத் தேர்ந்துகொள்வது அவனுடைய உரிமை. பெரிய வீட்டில்தான் மனிதர்கள் நிறைய. மனிதர்கள் நிறைய இருந்தால் மோதலும் நிறைய. மோதல் இல்லாமல் நாவல் இல்லை. விமர்சகன் அந்த வீட்டைச் சரித்திரம் என்று எடுத்துக்கொண்டுவிடுவதில்தான் சிக்கல். முற்காலத்தில் தமிழர்கள் பத்தும் பதினைந்தும் பேராக ஒரே உலையில் உண்டார்கள், பிறகு நகரமும் சினிமாவும் ஆங்கிலப் படிப்பும் வந்து அவர்களைப் பிரித்துவிட்டன என்று நமக்குள் ஒரு சித்திரம் படிந்துபோயிருக்கிறது. இந்தச் சித்திரத்துக்கு ஆதாரம் என்ன என்று நாம் கேட்டுக்கொண்டதே இல்லை.

ஆங்கிலேயர்களுக்கும் இப்படி ஒரு மயக்கம் இருந்தது. பீட்டர் லாஸ்லெட்டும் கேம்ப்ரிட்ஜில் அவரோடு வேலை செய்தவர்களும் 1574இலிருந்து 1821 வரையிலான காலத்தில் நூறு ஊர்களுக்குக் கிடைத்த ஜனப் பட்டியல்களை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். சராசரி வீட்டில் இருந்தவர்கள் 4.75 பேர். ஆலை வருவதற்கு முன்பே, ரயில் வருவதற்கு முன்பே, ஆங்கிலக் குடும்பம் சிறியதாகத்தான் இருந்திருக்கிறது. 1972இல் வெளிவந்த அவர்களுடைய தொகுப்பு ஐரோப்பாவின் கற்பனைப் பாட்டி வீட்டைக் கலைத்துப் போட்டது. அடுத்த வருஷமே ஏ. எம். ஷா இந்தியக் குடும்பத்தின் வீட்டுப் பரிமாணம் பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். அவர் கையில் இருந்தது 1825ஆம் ஆண்டின் ஒரு குஜராத் கிராமக் கணக்கு. அங்கும் சிறிய வீடுகளே அதிகம். ஹென்றி மெய்ன் காலத்திலிருந்து இந்தியக் கூட்டுக் குடும்பம் என்று பேசப்பட்டதெல்லாம் தர்ம சாஸ்திரத்திலிருந்தும் கோர்ட்டுத் தீர்ப்புகளிலிருந்தும் எடுத்தது, வாசலில் நின்று எண்ணியதிலிருந்து எடுத்ததல்ல என்பது ஷாவின் வாதம்.

இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1921க்கு முந்தைய பத்தாண்டில், இன்ஃப்ளூயன்ஸாவும் பஞ்சமும் சேர்ந்து கொன்ற காலத்தில், இந்தியனின் சராசரி ஆயுள் இருபதுகளில் இருந்தது. குழந்தைச் சாவுதான் அந்தச் சராசரியை இவ்வளவு கீழே இழுத்தது என்றாலும், பேரனின் கல்யாணம் வரை உயிரோடிருந்த தாத்தாக்கள் குறைவுதான். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டுமானால் முதலில் மூன்று தலைமுறையும் உயிரோடு இருக்க வேண்டும். சாவு குறைந்த பிறகுதான் அது பலருக்கும் சாத்தியமாயிற்று. அதனால்தான் இந்தியா முழுவதற்குமான சராசரி வீட்டளவு, நாம் நினைப்பதற்கு மாறாக, சுதந்திரத்துக்குப் பிறகு ஏறியது. 1981 வாக்கில் ஐந்தரையைத் தொட்டது. அதற்குப் பிறகே இறங்கியது. 'கூட்டுக் குடும்பம் சிதைகிறது' என்று நம் பத்திரிகைகள் உரக்க அழுத வருஷங்களில், எண்ணிக்கையின்படி, இந்தியாவின் வீடுகள் பெருத்துக்கொண்டிருந்தன.

2

எண்ணிக்கை ஒரு பக்கம். யாருடைய வீடு பெரியது என்பது வேறொரு கேள்வி. இந்தக் கேள்விக்குத் தென்னார்க்காட்டில் ஓரளவு பதில் தேட முடிகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களை அவரவர் கிராமங்களுக்கு அனுப்பி விவரம் சேகரித்தார். 1918இல் புத்தகமாக வந்த அந்த ஆய்வில் இருவேல்பட்டும் ஒன்று. அப்போது தென்னார்க்காடு ஜில்லா, இப்போது விழுப்புரம் மாவட்டம். அண்ணாகிராமத்திலிருந்து பஸ்ஸில் போய்வரக் கூடிய தூரம், அதே பெண்ணையாற்று மண். 1937இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் கிராமங்களுக்குத் திரும்பப் போனார்கள். 1980களின் தொடக்கத்தில் எஸ். குஹனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் போனார்கள். ஏறத்தாழ நூறு வருஷம் ஒரே ஊரைத் திரும்பத் திரும்பப் பார்த்த இப்படி ஒரு தொடர்ச்சி நம்மிடம் அபூர்வம்.

அந்தத் தொடர்ச்சியில் துலக்கமாகத் தெரிவது ஒரு பெரிய வீடும் அதைச் சுற்றி நின்ற படியாட்களும். ஊரின் நிலத்தில் பெரும்பகுதியையும் ஊரின் அதிகாரம் முழுவதையும் வைத்திருந்த குடும்பம் ஒன்று. அதன் வயல்களில் வருஷக்கணக்காகக் கட்டுண்டு உழைத்த சேரி. படியாள் பெரும்பாலும் கல்யாணக் கடனில்தான் கட்டுப்பட்டான். அதாவது ஒரு புதிய அடுப்பு மூட்டுவதற்கு அவன் கொடுத்த விலை அவனுடைய உழைப்பே. பெரிய வீட்டு மகனுக்குக் கல்யாணம் ஆனால் ஒரு அறை கூடும். அடுப்பு கூடாது, ஏனென்றால் நிலம் பிரியக் கூடாது. படியாளின் மகனுக்குக் கல்யாணம் ஆனால் பக்கத்தில் இன்னொரு குடிசை கூடும். பிரிப்பதற்கு அங்கே நிலம் இல்லை. கூலி ஆளுக்கு ஆள் படியளந்தது. குடிசைக்குள் இரண்டு ஜோடி படுக்க இடமில்லை. கூட்டுக் குடும்பம் என்று நாம் சொல்வது பண்பாடு என்பதைவிடப் பட்டா என்பதே பொருந்தும். நிலம் இருந்தவனின் அடுப்பு நிலம் இருந்தவரை பிரியவில்லை. நிலமே இல்லாதவனின் அடுப்பு அவனுக்குக் கல்யாணமான அடுத்த மழைக்குள் பிரிந்தது. 2008இல் போனவர்கள் படியாள் முறை மறைந்திருந்ததையும் பெரிய வீட்டின் பிடி தளர்ந்திருந்ததையும் எழுதினார்கள். தமிழ் நாவல் இந்த இரண்டில் ஒன்றின் தளர்ச்சிக்கு மட்டுமே ஒப்பாரி வைத்தது.

விதிவிலக்குகள் உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன் 'செல்லம்மா'ளில் (1943) எழுதியது இரண்டே பேர் உள்ள ஓர் அடுப்பு. பிரமநாயகம் பிள்ளை ஜவுளிக் கடையிலிருந்து வந்து தானே உலை வைக்கிறார். பெரிய வீட்டின் நிழல் அந்தக் கதையில் விழுவதே இல்லை. அதைவிட முக்கியமாக, இதே கடலூர் மாவட்டத்திலிருந்து வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994). ஆரோக்கியத்தின் வீட்டில் அடுப்பு இருக்கிறது. ஆனால் இரவில் அவள் சட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி வருகிறாள். துணி வெளுப்பதற்கு ஊர் அவளுக்குத் தரும் கூலி அது. காலனியின் எல்லா அடுப்புகளிலும் அவளுக்கு ஒரு கைப்பிடி வேகிறது. இப்படி ஒரு குடும்பத்தை எந்த வரையறைக்குள் வைப்பது? நம் விமர்சனம் இந்த நாவலைச் சாதியின் ஆவணம் என்று வாசித்தது, சரிதான். குடும்பம் என்றால் என்ன என்ற கேள்வியை அது எவ்வளவு அடியிலிருந்து கேட்கிறது என்பதைப் போதுமான அளவுக்குக் கவனிக்கவில்லை.

3

இங்கே வரையறைகளின் சரித்திரத்துக்குள் சற்று நுழைய வேண்டியிருக்கிறது. 1871இல் சென்னை ராஜதானியின் முதல் முறையான கணக்கெடுப்பு நடந்தபோது அரசாங்கம் எண்ணியது வீட்டை. மெத்தை வீடு, ஓட்டு வீடு, கூரை வீடு என்று தரம் பிரித்தார்கள். வீட்டை எண்ணினால் வரி வரும் என்று ஜனங்கள் நினைத்தார்கள். அந்த பயம் முட்டாள்தனமானது என்று சொல்ல முடியாது. அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் வீடு என்பதற்கு ஒரு முறை தனி வாசல் அடையாளமாயிற்று, ஒரு முறை சேர்ந்து உண்ணும் குடும்பம் அடையாளமாயிற்று. ஒரே முற்றத்தைச் சுற்றி நாலு தாயாதிகள் இருந்தால் அது ஒரு வீடா, நாலா என்பதை மாகாணத்துக்கு மாகாணம் வேறுவேறாக முடிவு செய்தார்கள்.

1951இல்தான் வீடு வேறு, குடும்பம் வேறு என்று பிரித்தார்கள். சேர்ந்து வாழ்ந்து ஒன்றாக உண்பவர்கள் ஒரு குடும்பம். பிற்பாடு அது இன்னும் நயமாயிற்று: சேர்ந்து வசித்து, வேலை நிமித்தம் தடை ஏற்பட்டாலொழிய, பொதுவான ஒரு சமையலறையிலிருந்து உண்பவர்கள். இரத்த உறவு தேவையில்லை. சொத்து தேவையில்லை. அடுப்பு ஒன்றாக இருந்தால் போதும். அரசாங்கம் சாஸ்திரத்தை விட்டு இறங்கி, நம் கிராமத்துக் கிழவிகள் எப்போதுமே நின்றுகொண்டிருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. 'தனிக் குடித்தனம்' என்பது கொஞ்சம் மரியாதையான சொல். 'தனியா உலை வச்சுட்டா' என்பதுதான் எங்கள் பக்கத்துப் பேச்சு. பாகம் பிரிக்காமல், பட்டா மாறாமல், ஒரே கூரைக்குள் ஒரு மருமகள் தனி உலை வைத்துவிடலாம். அன்றைக்குக் குடும்பம் இரண்டாகிவிடுகிறது.

1951 கணக்கெடுப்பின் தலைவர் ஆர். ஏ. கோபாலசாமி. அதே மனிதர்தான், ஒரு தாய்க்கு மூன்று குழந்தைகள் இருக்கும்போது மேலும் பிறப்பதை முன்யோசனையற்ற தாய்மை என்று பெயரிட்டு அறிக்கையில் எழுதியவர்; பின்னர் சென்னை அரசில் உயர் பதவியில் இருந்து, கருத்தடை அறுவை செய்துகொள்பவருக்குப் பணம் கொடுக்கும் திட்டத்துக்கு முன்னோடியாக நின்றவர். எண்ணியவரே குறைக்கவும் முனைந்தார் என்பது தற்செயல் அல்ல. இந்த மண்ணில் அதற்கு முன்பே பேச்சு தொடங்கியிருந்தது. பெரியார் 1930களிலேயே 'கர்ப்ப ஆட்சி' என்று எழுதினார். நாட்டின் வறுமைக்காகக் குழந்தை குறைய வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னபோது, பெண்ணின் விடுதலைக்காகக் குறைய வேண்டும் என்று சொன்னவர் அவர். இரண்டு வாதங்களில் எது அதிகம் வேலை செய்தது என்பது விவாதத்துக்குரியது. பலன் தெளிவு: தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறந்த குழந்தைகள் 1971இல் 3.9, 1991இல் 2.2, 2020இல் 1.4. நம் வீடு சுருங்கியதற்கு முதல் காரணம் அண்ணன் தம்பிகள் பிரிந்தது அல்ல, அண்ணனுக்குத் தம்பியே பிறக்காமல் போனது.

4

ஆனால் இது முழுக் கதை ஆகாது. தமிழ்நாட்டில் 2001க்கும் 2011க்கும் இடையில் மக்கள் தொகை 15.6 சதவீதம் வளர்ந்தது. குடும்பங்களின் எண்ணிக்கை அதைவிட வேகமாக வளர்ந்தது. 2011இல் 7.21 கோடிப் பேர் சுமார் 1.85 கோடிக் குடும்பங்களில் இருந்தார்கள். குடும்பத்துக்கு 3.9. இந்தியச் சராசரி அப்போது ஐந்தை ஒட்டி நின்றது. கடலூர் மாவட்டம் நான்கை ஒட்டி. குழந்தைகள் குறைந்ததோடு அடுப்புகளும் பெருகின. அவை ஏன் பெருகின என்று கேட்டால், நம்மவர்கள் உடனே தனிமனித உணர்வு, நவீனத்துவம் என்று ஆரம்பிப்பார்கள். நான் சட்டத்தையும் அரிசியையும் பார்க்கச் சொல்வேன்.

1959இல் 'பாகப்பிரிவினை' படம் பார்த்துத் தமிழ்நாடு அழுதது. அதற்கடுத்த வருஷங்களில் நிலம் உள்ளவர்கள் ரிஜிஸ்டிரார் ஆபீசில் வரிசையில் நின்றார்கள். நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் வந்தது. 1960 ஏப்ரல் 6 அதன் குறிநாள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர், அதற்கு மேல் தலைக்கு 5. 1970இல் முப்பது பதினைந்தாயிற்று. சட்டம் சொன்ன குடும்பத்தில் கணவன், மனைவி, மைனர் மகன்கள், கல்யாணமாகாத பெண்கள் உண்டு. வயது வந்த மகன் இல்லை. அவன் தனி. ஆகவே தந்தையும் வளர்ந்த மகன்களும் பத்திரத்தில் பிரிந்தார்கள், பந்தியில் பிரியவில்லை. அதே குடும்பம் வருமான வரிக்குப் போகும்போது 'பிரிவுபடாத இந்துக் குடும்பம்' என்று ஒரே ஆளாக நின்றது, ஏனென்றால் அந்தச் சட்டம் அதற்குத் தனிக் கணக்கும் தனி விலக்கும் கொடுத்தது, இன்றும் கொடுக்கிறது. வங்கியில் வேலை செய்கிறவனுக்கு இது அன்றாடக் காட்சி. கேரளம் 1975இல் சட்டம் போட்டு இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. நாம் ஒழிக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. ஒரு மேஜைக்குக் கூட்டு, அடுத்த மேஜைக்குத் தனி என்று இரண்டு ரசீது வைத்துக்கொண்டோம்.

ஏழைக்கு வந்த ரசீது ரேஷன் கார்டு. அதற்கு வரையறையே தனிச் சமையல். கார்டு வேண்டுமானால் அடுப்பு காட்ட வேண்டும். 2016 நவம்பருக்கு முன் இருந்த அளவுப்படி, பெரியவர் ஒருவருக்கு மாதம் 4 கிலோ அரிசி, குழந்தைக்கு 2. ஒரு கார்டுக்குக் குறைந்தது 12, அதிகபட்சம் 20. ஒரே கார்டில் ஆறு பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கு 20 கிலோ. அவர்களே இரண்டிரண்டு பேராக மூன்று கார்டு வாங்கிவிட்டால் 36 கிலோ. மாதம் 16 கிலோ அரிசி, 2011 ஜூனிலிருந்து அதுவும் இலவசம். 2006க்குப் பிறகு கலர் டெலிவிஷன், 2011க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, பொங்கல் வந்தால் பணம், எல்லாம் கார்டுக்கு ஒன்று. 2023 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ள குடும்பத்தின் தலைவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய். இவ்வளவுக்குப் பிறகு ஒரு மருமகள் தனி அடுப்புக் கேட்பதை மாமியார் கொடுமையால் மட்டுமே விளக்கிக்கொண்டிருப்பது எழுத்தாளனின் சோம்பல்.

அரசாங்கம் கொடுத்த வீடும் இதே கணக்கைச் செங்கல்லில் எழுதியது. 2011இல் தொடங்கிய பசுமை வீடு 300 சதுர அடி: ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, கழிப்பறை, வராந்தா. படுக்கையறை ஒன்று என்றால் ஜோடி ஒன்று. இரண்டாவது மகனுக்குக் கல்யாணம் என்றால் முதல் மகன் வெளியேற வேண்டும், அல்லது கிழவி வராந்தாவுக்குப் போக வேண்டும்.

அண்ணாகிராமம் இந்த மாற்றத்தைப் பார்ப்பதற்கு ஏற்ற இடம். பஞ்சாயத்து யூனியனின் தலைமையிடம்; பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் ஒரு பக்கம், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு இன்னொரு பக்கம். முழுக் கிராமமும் அல்ல, ஊரும் ஆகிவிடவில்லை. கூரை போன இடத்தில் தளம், தளத்துக்கு மேல் கம்பியை நீட்டி விட்டு வைத்திருக்கிறார்கள், அடுத்த மகனுக்காக. ஒரே வாசல், ஒரே கொல்லை, மூன்று குடும்ப அட்டை என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் ஆச்சரியம் தராது. இதில் எத்தனை அடுப்பு உண்மையில் எரிகிறது என்று கேட்டால் பதில் சுலபமல்ல. மூத்தவன் துபாயிலோ திருப்பூரிலோ இருக்கிறான். அவன் மனைவி காலையில் தனியாகச் சமைக்கிறாள். மத்தியானம் பிள்ளைகள் சத்துணவு, அது பள்ளிக்கூடத்து அடுப்பு. ராத்திரி மாமியார் வீட்டுக் குழம்பு வருகிறது. பொதுவான சமையலறை என்ற வரையறை இங்கே ஒரு நாளுக்குள்ளேயே மூன்று முறை மாறுகிறது.

5

இந்தக் கணக்கில் கடைசியாக நிற்பவள் கிழவி. சென்னை மாநிலம் 1962இல் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது. ஆதரவற்றவர் என்பது அதற்குத் தகுதி. சம்பாதிக்கும் மகனோடு ஒரே உலையில் உண்பவள் ஆதரவற்றவள் ஆகமாட்டாள். ஆகவே அவள் தனி உலை வைத்தாக வேண்டும், குறைந்தபட்சம் காகிதத்தில். தனிக் கார்டு, பரம ஏழைகளுக்கான அந்த்யோதயா கார்டு என்றால் மாதம் 35 கிலோ அரிசி, உதவித்தொகை 2023இலிருந்து 1,200 ரூபாய். முப்பத்தைந்து கிலோவை ஒரு கிழவி தின்ன முடியாது. அந்த அரிசி மகனின் பானைக்குப் போகிறது. பணமும் பேரனின் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். சென்ஸஸ் அட்டவணையில் அவள் 'ஒருவர் கொண்ட குடும்பம்'. அந்த அட்டவணையை வைத்து யாராவது ஒரு பத்திரிகைக்காரர் தமிழ்க் குடும்பம் முதியவர்களைத் தெருவில் விட்டுவிட்டது என்று எழுதுவார். உண்மையில் அந்த மூன்று வீட்டுக் குடும்பத்துக்கு அரிசி போடுவதே அவளாக இருக்கக்கூடும்.

எதிர்த் திசையிலும் இதே ஏமாற்று நடக்கிறது. காகிதத்தில் தனி என்று தொடங்கியது சில வருஷத்தில் நிஜமாகவே தனியாகிவிடுவதும் உண்டு. முதலில் கார்டுக்காக ஒரு அடுப்பு, பிறகு அதில் ஒரு நாள் காய்ச்சலுக்குக் கஞ்சி, பிறகு ஒரு சண்டைக்குப் பின் தினமும் சமையல். அதிகாரிக்குக் காட்டுவதற்காக வைத்த அடுப்பு மனத்துக்குள் புகுந்துவிடுகிறது. வீடு 3.9 பேராகச் சுருங்கியது என்று ஓர் எண் சொல்லும்போது, அதற்குள் பிறக்காத குழந்தைகள் எத்தனை, காகிதப் பிரிவினை எத்தனை, காகிதமாகத் தொடங்கி நிஜமாகிப்போன பிரிவினை எத்தனை என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. முதலாவதை மக்கள்தொகை நிபுணர் சொல்வார். இரண்டாவதைத் தாசில்தார் ஆபீசில் விசாரிக்கலாம். மூன்றாவதை எழுத்தாளன் சொன்னால்தான் உண்டு. அவனோ இன்னும் பெரிய வீட்டின் திண்ணையை விட்டு எழுந்து வரவில்லை.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1 குறிநாள் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. கணக்கெடுப்பவர் வழக்கம்போல வாசலில் நின்று இங்கே எத்தனை பேர், மணமான ஜோடி எத்தனை, சமையல் எங்கே என்று கேட்பார். 1871இல் வீட்டைக் குறைத்துச் சொன்னால் வரி மிச்சம் என்று நினைத்தார்கள். இப்போது அடுப்பைக் கூட்டிச் சொன்னால் அரிசி மிச்சம். கேள்வி கேட்பவன் யார் என்று பார்த்துப் பதில் சொல்லும் சாமர்த்தியம் நூற்றைம்பது வருஷமாக மாறவில்லை. அந்த வாசலில் ஒரு பெண் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, 'நாங்க தனி, அத்தை தனி' என்று சொல்வாள். சொல்லும்போது உள்ளே அத்தைதான் உலையில் அரிசி களைந்து போட்டுக்கொண்டிருப்பாள்.